செம்புக் குண்டுகள்

யோகமலரின் இரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது அவள் வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. கணவன் சபேசன் இறைச்சியைத்தான் சந்தேகித்தான். அந்தப் பனி ஊரில் அவன் சுட்டுக் கொண்டுவரும் மானும் எல்க்கும்தான் குளிர்காலம் முழுக்க அவர்களுடைய கறி.

துவக்குக் கடைக்காரர் இரண்டு குண்டுகளைக் கண்ணாடிமேல் வைத்தார். ஈயக் குண்டு பட்டவுடன் சிதறி, கண்ணுக்குத் தெரியாத தூளாக இறைச்சிக்குள் பரவிவிடும், முழுச் செம்பு என்றால் உடையாது என்றார். சபேசன் செம்பை வாங்கினான். காருக்குள் ஏறியதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தானே உனக்கு நஞ்சைத் தீத்தியிருக்கிறன்."

பக்கத்து இருக்கையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் அவளுடைய இடுப்புக்குள் ஒரு குண்டு சிதறியது. எடுக்க அன்று வைத்தியர் யாரும் இருக்கவில்லை. ஈயத் துண்டுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. இயக்கத்தில் இருந்தவள் என்று தெரிந்தால் கலியாணம் குழம்பிவிடும் என்று, சைக்கிளால் விழுந்த தழும்பு என்றே அவனுக்குச் சொல்லியிருந்தாள். இப்போது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பிறகு சீற் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஃப்ரீசரைத் திறந்து இறைச்சி முழுவதையும் கறுப்புப் பைகளில் போடத் தொடங்கினான்.

"இனிப் பயமில்லை மலர். அடுத்தமுறை சோதிக்கேக்க குறைஞ்சிருக்கும், பார்."

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.