படலையில் கட்டிய வேப்பிலை

இரணைமடு வாய்க்கால் கரையில் சைக்கிள் மணி கேட்கிறது. அம்மைப்பால் குத்துகிறவர் வருகிறார். சிவக்கொழுந்து மகள் பவளத்தை மடியில் இறுக்கிக்கொண்டு அடுப்பு புகையும் குசினி வாசலில் குந்தியிருக்கிறாள். விடியவே அவள் தெருவாசல் படலையில் கட்டிய வேப்பிலைக் கொத்து வெயிலில் வாடத் தொடங்கிவிட்டது. அம்மை போட்ட, அம்மாள் வந்த வீடென்று நினைத்து அந்த மனிசன் திரும்பிப் போய்விடுவார் என்பது அவள் கணக்கு. “பொய்க்கு வேப்பிலை கட்டலாமோ? பரந்தன் பக்கம் பெரியம்மையாம். பிள்ளைக்குக் குத்துவம்,” என்கிறான் புருஷன் ஏரம்பு. “அக்காவின்ர பெடிக்குக் குத்தின கை வீங்கிப் பழுத்ததை நீங்கள் காணேல்லையோ? எனக்குச் சின்னனில அம்மாள் வந்திட்டுத் தன்ர பாட்டில போனவா. பிறகு எட்டியும் பாக்கேல்லை.” அவள் கன்னத்துத் தழும்புகளில் வியர்வை மினுங்குகிறது. “உமக்கு வந்திட்டுப் போனவா. உம்மட தம்பியைக் கொண்டெல்லோ போனவா,” என்கிறான் அவன் மெதுவாக. பிள்ளை அவள் காப்பை உருட்டி விளையாடுகிறது.

சைக்கிள் படலையடியில் நிற்கிறது. வந்தவர் வேப்பிலையைப் பார்த்தும் போகவில்லை, பெட்டியைக் கழற்றுகிறார். “ஆருக்கம்மா வருத்தம்? அம்மையோ?” பவளத்துக்கு என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு ஊசி இல்லை. ஆனால் பிள்ளையின் பெயர் காதில் விழுந்தால் அம்மாள் மெய்யாகவே உள்ளே வந்துவிடமாட்டாவோ? காற்றில்லாத முற்றத்தில் வேப்பிலை அசைவது போலிருக்கிறது. சிவக்கொழுந்து பிள்ளையின் காதை உள்ளங்கையால் பொத்துகிறாள். கேட்டவரைப் பார்க்காமல், அந்த இலைக் கொத்தையே பார்த்துச் சொல்கிறாள்: “இந்த வீட்டில ஒருத்தருக்கும் வருத்தமில்லை, தாயே.”