சாளை வராத மூன்று மாதம்

"கேட்டியா? போட் ஜெட்டி ரோட்டிலே கூவுறான். நம்ம சந்துக்குள்ளே மட்டும் அவன் சைக்கிள் திரும்பாது!"

காலை ஆறு மணி. மீன் சட்டியும் கையுமாக வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் பாக்கியலக்ஷ்மி.

உள்ளே மகள் ஜெயலக்ஷ்மி இதயத்தின் நான்கு அறைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் எண்ட்ரன்ஸுக்கு இன்னும் பத்தே நாள். மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவளின் மகள் டாக்டராவாளா மாட்டாளா என்பது அந்த ஒரு பரீட்சையில்தான் இருந்தது.

"மூணு மாசமாச்சு! நீ டாக்டருக்குப் படிக்கிறேன்னு அவங்கிட்ட என்னிக்குச் சொன்னேனோ, அன்னிக்கே நின்னுட்டான் அந்த மீன்கார ராஜப்பன். மீன் தின்னாத்தானே மூளை வேலை செய்யும்? அவன் மக பத்தாவதுலே தோத்துட்டா. அந்தப் பொறாமை!"

"அம்மா, எங்க சார் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? நிச்சயமாத் தெரியாததுக்கு டிக் போடாதே. தப்பாப் போட்டா, கிடைச்ச மார்க்கும் குறையும். ராஜப்பன் சேட்டன் ஏன் வரலைன்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நூத்துக்கு நூறு தெரியும்!"

ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் ராஜப்பனை மடக்கியே விட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"வராம் சேச்சி, வராம்" என்று வருவதாகத் தலையாட்டிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு நழுவினான்.

மறுநாள் விடியலில் அதற்கும் சேர்த்து அவனைத் திட்டித் தீர்த்தாள், வாசலில் நின்றபடியே.

பரீட்சை நாள். தாயும் மகளும் போட் ஏறி எர்ணாகுளம் போனார்கள். ஹாலுக்கு வெளியே, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள் பாக்கியலக்ஷ்மி.

மணி அடித்ததும் ஜெயலக்ஷ்மி ஓடி வந்தாள்.

"அம்மா! பன்னிரண்டு கேள்வி தெரியலை. அதைத் தொடவே இல்லை. மத்ததெல்லாம் சரிம்மா, எல்லாமே சரி!"

திரும்பி வருகிற போட்டில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "எம் மக டாக்டருக்கு எழுதிட்டு வாறா" என்று சொல்லித் தீர்த்தாள் பாக்கியலக்ஷ்மி. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி.

"பூ...ய்! சாளையே...ய்!"

சந்தே அதிர்ந்தது. நாலு வீட்டுக் குழந்தைகள் ஒன்றாக வீறிட்டன. ஜெயலக்ஷ்மி பாயிலிருந்து துள்ளி எழுந்தாள்.

பாக்கியலக்ஷ்மி ஒரு கையில் சட்டியும் இடுப்பில் மறு கையுமாக வாசலுக்குப் போனாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

ராஜப்பன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். "பரீட்ச எங்ஙனெ மோளே?"

"நல்லா எழுதியிருக்கேன் சேட்டா!"

அவன் முகமெல்லாம் பல். கேட்காமலே கூடையிலிருந்து இரண்டு கை சாளையை அள்ளிச் சட்டியில் போட்டான்.

"எம் மோள் படிக்கிறப்போ தினமும் வீட்டு வாசல்லேயே கூவிட்டுத்தான் கிளம்புவேன் சேச்சி. அவ தோத்த பொறவுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. கூவாம மீன் விக்க எனக்கு அறியாது. அதான், குட்டியோட பரீட்ச கழியட்டும்னு இந்தச் சந்துப் பக்கமே வரலை."

பாக்கியலக்ஷ்மியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லே?"

"சொன்னா, பரவாயில்லை வான்னு கூப்பிடுவீங்க. வந்தா கூவிடுவேன்."

"இது தெரியாம நான் ஒன்னை..."

"அறியாம் சேச்சி, எல்லாம் தெரியும்" என்று சிரித்தபடி சைக்கிளில் ஏறினான் ராஜப்பன். "நான் வாயை மூடினதுதான் வீணாப் போச்சு. மூணு மாசமா தினமும் காலைல ஆறு மணிக்கு, நீங்க என்னைத் திட்டுற சத்தம் ஜெட்டி ரோடு வரைக்கும் கேட்டுதே!"