இரண்டு வண்டி விறகு

சவேத்தா அம்மாள் தன் மன்னிப்புக்கு அன்று முதலில் கேட்ட விலை, இரண்டு வண்டி பிளம் மர விறகு.

"சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னதுக்கா? அரை வண்டிம்மா!"

"விருந்தாளிங்க முன்னாடி சொல்லிச் சிரிச்சியேடா, வலேரியு! ஒரு வண்டி. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

"சரி, நாளைக்கே பிளந்து தர்றேன். மன்னிச்சேன்னு சொல்லும்மா, கோயில்ல ஊரே காத்திருக்கு."

"காத்திருக்கட்டும். பெத்தவ மனசு நொந்திருக்க, ஆண்டவர் உன் ஜெபத்தைக் கேப்பாரா?"

அவன் மண்டியிட்டு அவள் கையை முத்தமிட்டான். அவள் அவன் தாடியைச் செல்லமாக இழுத்தாள். "மன்னிச்சேன். ஓடு!"

அதன் பிறகுதான் கோயில் மணி அடித்தது. அங்கி தரித்துப் பீடத்துக்கு வந்த பாதிரியாரைக் கண்டு ஊர் எழுந்தது. தாயை நோகடித்துவிட்டுப் பூசை வைக்க வலேரியு பாதிரியாருக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை.

பூசை முடிந்ததும் சவேத்தா வரிசையில் வந்து குனிந்து, அவர் கையை முத்தமிட்டாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க, சாமி."

முத்தக் கணக்கு நேர். விறகு ஒரு வண்டி பாக்கி.