குதிகால் தடம்

திருநங்கை இளவஞ்சியைப் பெண்கள் நீளம் தாண்டுதலில் சேர்க்கக் கூடாது என்று முதலில் புகார் எழுதிக் கொடுத்தவள் நான்தான். விசாரணை முடியவில்லை, இப்போதைக்குத் தாண்டட்டும் என்றார்கள் போட்டி நடத்துகிறவர்கள். தாண்டினாள். மணலில் அவள் குதிகால் பதிந்த இடத்தைப் பார்த்தேன். மூன்று வருடமாக முதல் பரிசு வாங்கும் நான் ஒருமுறைகூட அங்கே விழுந்ததில்லை. ஆனால் நடுவர் ஜெபராஜ் சார் தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடியையும் தூக்கவில்லை, செல்லாது என்று சிவப்பையும் தூக்கவில்லை. இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, மணலைச் சமப்படுத்த மண்வாரியைக் கையில் எடுத்தார். அடுத்தது என் முறை.

"சார், அளக்கவே இல்லையே?"

"எதுக்கும்மா வம்பு? அளந்தா எழுதணும். எழுதினா எந்த லிஸ்ட்லன்னு கேப்பாங்க. எல்லாம் உன் புகாருக்காகத்தானே?"

"சேர்க்காதீங்கன்னுதான் சார் எழுதினேன். சேர்த்து, தாண்டவும் விட்டுட்டு, தாண்டவே இல்லைன்னு ஆக்கச் சொன்னேனா? நான் தோத்தா எத்தனை சென்டிமீட்டர்ல தோத்தேன்னு எனக்குத் தெரியணும்."

இளவஞ்சி காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் நின்றாள். "விடு பெனிட்டா, எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வாரிக்குக் குறுக்கே போய் மணலில் உட்கார்ந்தேன். ஓரத்தில் கிடந்த டேப்பை இழுத்து, அதன் நுனியை அவள் குதிகால் தடத்தில் ஊன்றிப் பிடித்தேன். மறுபக்கத்தைத் தாண்டு பலகையில் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

மைதானத்தில் முந்நூறு பேராவது இருந்தார்கள்.