கறிவேப்பிலைத் தூரில் ஒயின்

"ஊத்திட்டா! அம்புட்டையும் கறிவேப்பிலைத் தூருல ஊத்திட்டா!"

மொட்டை மாடிக்கு வேட்டி காயப்போடப் போன தேவாசீர்வாதம் சார், ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வந்தார்.

"யாரு? என்னத்த?" என்றாள் மனைவி ஜெயசீலி.

"பக்கத்து வீட்டு பாலம்மாதான். நேத்து கிறிஸ்துமஸுக்கு நாம குடுத்த ஒயின, என் கண்ணு முன்னாலயே கவுத்துறா!"

அவருக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? தாயில்பட்டியிலிருந்து கம்பத்துக்கே பஸ் ஏறிப் போய் பன்னீர் திராட்சை வாங்கி, பீங்கான் ஜாடியில் போட்டு, துணியால் வாய் கட்டி, நாற்பத்தொரு நாள் மரக்கரண்டியால் கிண்டி வடித்த ஒயின். அந்தச் சிவப்பு சுற்றுவட்டாரத்தில் வேறெந்த வீட்டு ஒயினுக்கும் வராது என்பது அவர் கட்சி.

எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போய்ப் பேசிவிட்டு வருகிற வாத்தியார், ஒயினோடு விடுகிற ஆளா அவர்? எதை எதோடு சாப்பிட வேண்டும் என்பதற்கும் சட்டம் வைத்திருந்தார். முதலில் மிளகு தூக்கலாகப் போட்ட கறிச்சுக்கா ஒரு வாய், பிறகு ஒயின் ஒரு மடக்கு. அடுத்து சாத்தூர் காராச்சேவு. கேக் கடைசியில்தான். அதிரசம் கிட்டவே வரக்கூடாது, வெல்லம் ஒயினை அமுக்கிவிடுமாம். இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, பாட்டிலில் ஒட்டி, பலகாரத் தட்டோடு கொடுத்தனுப்பியிருந்தார்.

"சுக்காவ என்ன செஞ்சாளாம்?"

"அதெல்லாம் காலி! சாயங்காலமே தட்டக் கழுவிக் குடுத்துட்டாள்ல? சுக்கா எறங்குது, சேவு எறங்குது, கேக் எறங்குது. ஒயின் மட்டும் எறங்கலையாக்கும்!"

"பிடிக்கலையோ என்னமோ, விடுங்க."

"பிடிக்கலைன்னா திருப்பிக் குடுக்கணும். நம்ம வீட்டுப் பொருள்னா அம்புட்டு எளக்காரமா? இதப் போயி சாராயம்னு நெனச்சிருக்கா. கானாவூர்க் கல்யாணத்துல ஏசு ஆண்டவரே தண்ணிய மாத்திச் செஞ்சு குடுத்தது! இது குடியில சேருமா?"

"நேத்துதான் கிறிஸ்துமஸு, அதுக்குள்ள சண்டைக்குப் போகாதீக."

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

பாலம்மாள் வாசல் குழாயில் காலி பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு அவர்கள் வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. புருஷன் பாண்டிச்செல்வம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன்.

"வாங்க வாத்தியாரய்யா. சுக்கா ரொம்ப ருசியா இருந்துச்சு."

"அது கெடக்கட்டும். ஒயின ஏன் கொட்டுன?"

அவள் முகம் செத்துப்போனது. வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சிருங்கய்யா. அவுக குடிய விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. நேத்து இந்த பாட்டில நாலு வாட்டி எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சுட்டாக. சுக்காவத் தின்னுக்கிட்டே அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. எனக்குப் பயமாயிருச்சு. மருந்து கலக்குறப்ப கை ஒருக்கா நடுங்குனாப் போதுமே, அவுகளும் மிஞ்ச மாட்டாக, கூட நிக்கிறவுகளும் மிஞ்ச மாட்டாக."

தேவாசீர்வாதம் சாருக்குக் கோபம் ஒரு படி இறங்கியது. ஆனால் ரோஷம் இறங்கவில்லை.

"விட்டது நல்லதுதாம்மா. அதுக்காக இதக் கொட்டணுமா? திராட்ச ரசம்! சுக்காவோட ஒரு மடக்கு குடிச்சா ஒண்ணும் செய்யாது."

"கொட்டுறதுக்கு எனக்கும் மனசு வரலதான்யா. அவுகதான் ஒத்துக்கலை. கம்பெனியில பாதுகாப்புக் கூட்டம் போட்டப்ப பேச வந்தவுக சொன்னாகளாம், 'பாட்டில்ல எது இருந்தாலும் குடி குடிதான், பட்டாசுத் தொழிலாளி வீட்டுக்குள்ள அது வரவே கூடாது'ன்னு. அன்னைக்கு எல்லாரோடயும் கையத் தூக்கிச் சத்தியம் பண்ணுனவுகதான். அதான், இதக் கண்ணுல படாமக் கொட்டிரு புள்ளன்னு அவுகளே சொல்லிட்டாக."

"எவன் அவன்? குடிக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் மேடையேறிப் பேசுறானா?"

பாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்கதான் பேசுனீகளாம் அய்யா."