சும்மா

ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் கொடுத்த தாளில், ஒன்பதாவது கேள்வியில் அவள் பேனா நின்றது.

மார்பில் கட்டி, வலி, கசிவு ஏதேனும் உண்டா?

கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. உண்டு எனில் இலவசப் பரிசோதனை பொருந்தாது.

மறுபடியும் படித்தாள். நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தானே வரச் சொன்னார்கள்? இருக்கும்போல என்று சொன்னால் பார்க்க மாட்டார்களாம்.

நல்ல நியாயம்.

போன வாரம் பனியன் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் பெண் வந்து சொன்னாள்.

"புதுச் சட்டமுங்க. கேன்சர் டெஸ்ட்டையும் இன்சூரன்ஸே பாத்துக்கோணுமாமா. உங்களுக்கெல்லாம் சும்மாதானுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். இவள் தட்டவில்லை. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எந்த ஊர்த் தெய்வம்?

பதினாறு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். பனியனில் ஓட்டை, முடிச்சு, கறை எதுவும் இவளிடம் தப்பியதில்லை. மனிதர்களையும் அப்படியே புரட்டிப் பார்த்துத்தான் பழக்கம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், குளிக்கும்போது, இடது மார்பில் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு.

யாரிடமும் சொல்லவில்லை. பயம். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்கிற பயம்.

உண்டு என்று எழுதினால் டெஸ்ட் கிடையாது. இல்லை என்று எழுதினால், நாளைக்கு வைத்தியத்துக்குப் போய் நிற்கும்போது, மறைத்தாய் என்று இதே தாளை நீட்டுவார்கள்.

எப்படிப் போனாலும் பொறி.

கவுன்ட்டர்காரர் நிமிர்ந்தார். "சும்மா செக்கப்புக்குத்தானுங்க வந்தீங்க?"

அப்போதுதான் விளங்கியது. சும்மா வந்தவர்களுக்குத்தான் சும்மா.

"சும்மாதானுங்க."

இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

உள்ளே ஏசி குளிர். மார்பைப் படம் எடுக்கிற மிஷின் அருகே ஓர் இளம் பெண். பெனினா என்று கோட்டில் பெயர் இருந்தது. தாளைப் படித்தாள். இவளையும் படித்தாள்.

கதவைச் சாத்தினாள். தாளை நாற்காலியில் கவிழ்த்து வைத்தாள்.

"எந்த எடத்துலீங்க்கா? நான் எதுலயும் எழுத மாட்டேன். எடம் தெரிஞ்சாத்தான் படத்துல தப்பாம புடிக்க முடியும்."

இந்தப் பெண் யார் ஆள்? கம்பெனி ஆளா, இன்சூரன்ஸ் ஆளா? அந்த முகத்தில் குறை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.



பிறகு பெனினாவின் கையைப் பிடித்து, கட்டி இருந்த இடத்தில் வைத்தாள்.

பெனினா தலையசைத்தாள். கையை எடுக்கவில்லை. மெல்ல நகர்த்தி அக்குள் பக்கம் கொண்டுபோனாள். அங்கே அழுத்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சரிங்க்கா. இது எத்தனை நாளா இருக்குது?"

எது என்று இவளுக்குத் தெரியவில்லை. அக்குளை இவள் தொட்டுப் பார்த்ததேயில்லை.