லீனோவின் இடம்

"மறுபடியும் வெறுங்கூடையா? காட்டுக்குப் போனியா, இல்ல ஏதாவது மரத்தடியில தூங்கிட்டு வந்தியா?"

சுனில்தா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு சருகு மட்டும் விழுந்தது.

"இந்த வருஷம் காளானே இல்ல, கிழவி" என்றான் அவள் கணவன் லீனோ, குனிந்து பூட்ஸைக் கழற்றியபடி.

"இல்லையா? பக்கத்து வீட்டுக்காரி கோணிப்பையில கட்டித் தூக்கிட்டு வந்திருக்கா. எந்த வீட்டுல பாத்தாலும் வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கிட்டிருக்காங்க. உன் கண்ணுக்கு மட்டும் இல்லையா?"

லீனோ அடுத்த பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான்.

செப்டம்பர் பிறந்து, உவாயே மரக்கிளைகளில் திகுவேஞே காளான்கள் ஆரஞ்சு உருண்டைகளாய்த் தொங்கும் தென்கோளத்து வசந்தம் அது. நவெல்பூத்தா மலையில் காளான் பறிக்கிற ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு. கட்டிய மனைவியிடம்கூட அதைச் சொல்ல மாட்டார்கள். கேட்பதும் மரியாதையில்லை. சுனில்தாவும் இத்தனை வருடம் கேட்டதில்லை.

வருடா வருடம் லீனோ கூடை நிறையக் கொண்டுவருவான். அடியில் பெரணி இலை விரித்து, மேலே இளசு இளசாக, ஒன்றுகூட வெடித்திருக்காது. கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் கடல்பாசி விற்க வந்தவனுக்கு இந்த வித்தை எப்படிக் கைவந்தது என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"எனக்கு ஒரு கைப்பிடியாவது வேணும், லீனோ. அப்பா கல்லறையில வைக்கணும்."

அவன் நிமிர்ந்தான்.

அவள் அப்பா பெலிசாரியோ போன குளிர்காலத்தில் இறந்துபோனார். "பாசிக்காரனோட போறவ இந்த வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது" என்று சொன்ன மனிதர், கடைசிவரை அந்தச் சொல்லை மாற்றவில்லை. வழியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடக்கத்தன்றுகூட சுனில்தா கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றாள்.

"பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிக்கயேன்" என்றான்.

"அது எதுக்கு? உன் இடத்துக் காளான்தான் வேணும். பாசிக்காரன் பாசிக்காரன்னு எவ்வளவு பேசினாரு! அவன் எப்பேர்ப்பட்ட காளான் பறிக்கிறான்னு பாக்கட்டும். உசுரோட இருந்தப்ப என் கையால எதுவும் வாங்கல. இப்ப வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

"நீ இடத்தைக் காட்டு. நானே பறிச்சுக்கிறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

லீனோ கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டான்.

காடு ஈரமாக இருந்தது. ஓடையோரம் வளர்ந்திருந்த நல்காச் செடியின் தண்டு ஒன்றை சுனில்தா ஒடித்து, தோலுரித்து, பையிலிருந்த உப்பைத் தொட்டு அவனுக்குப் பாதி கொடுத்தாள். புளிப்பில் அவன் முகம் கோணியது.

"இன்னும் பழகலையா உனக்கு? எப்பவும் கடல்கரை நாக்குதான்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள். "அடப்பாவி, காளானே இல்லன்னியே! உன் தலைக்கு மேல பாரு."

"எங்க?"

"தொப்பிக்கு மேல, கிழவா!"

லீனோ அண்ணாந்து தேடினான். பிறகு கொண்டுவந்திருந்த நீளக் கழியை ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். கிளை ஒடிந்து விழுந்தது. காளான்கள் நசுங்கிச் சேற்றில் உருண்டன.

"கம்பைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு! மீனா குத்துற? காம்போட மெதுவா நெம்பணும்னு..." சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவனை உற்றுப் பார்த்தாள்.

"லீனோ, நீ காளானே பறிச்சதில்லையா?"

அவன் கழியைக் கீழே போட்டான். "இல்ல."

"அப்ப இத்தனை வருஷம்? சந்தையில வாங்கிட்டு வந்தா பெருமையடிச்ச? நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

"வாங்கல. வா."

அவன் முன்னால் நடந்தான். அவள் கோபத்தோடு பின்தொடர்ந்தாள். ஓடையைத் தாண்டி, புதரை விலக்கிக்கொண்டு, மேட்டில் ஏறினார்கள். மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி. அதற்கு அப்பால், புகைபோக்கியில் புகையில்லாமல் ஒரு பழைய மரவீடு.

சுனில்தா சட்டென்று நின்றுவிட்டாள்.

"இது எங்கப்பா வேலி. இங்க எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்த?"

வேலிக் கம்பம் ஒன்றில் துருப்பிடித்த ஆணி இருந்தது. லீனோ கையிலிருந்த கூடையை அதில் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிடுவான் போல, அவ்வளவு பழக்கமாக.

"என் இடம் இதுதான். சாயங்காலம் வெறுங்கூடையை மாட்டிட்டுப் போவேன். காலையில வந்தா நிறைஞ்சிருக்கும். 'யார் பறிச்சதுன்னு அவகிட்ட சொன்னே, அடுத்த வருஷம் கிடையாது.' உங்கப்பா என்கிட்ட பேசினது அந்த ஒரு வார்த்தைதான்."

காற்றில் கூடை லேசாக ஆடியது.

"இந்த வருஷமும் மாட்டிப் பாத்துட்டேன், கிழவி."